ரத்தத்தின் பெயரால்: மண்டையோடு, குரங்கு, முறைமாமன்

1

தாமிரபரணிக் கரையில் ‘ரத்தம்’ என்ற சொல் வெறும் திரவத்தைக் குறித்ததில்லை. ‘அவன் எங்க ரத்தம்லா’ என்று ஒருவர் சொல்லும்போது, கோயில் கொடைக்கு யார் வரி கொடுக்கலாம், யார் வீட்டில் பெண் எடுக்கலாம், யார் செத்தால் யாருக்குத் தீட்டு என்ற கணக்கெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. ‘தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்’ என்ற பழமொழி சதையைச் சொல்கிறதே தவிர, அது பேசுவதும் ரத்தத்தைத்தான். ரத்தம் இங்கே ஒரு சொல்லாடல். யார் உள்ளே, யார் வெளியே என்று எல்லை போடுகிற சொல்லாடல்.

சாதியின் ரத்தத்தை இருபதாம் நூற்றாண்டு அறிவியலின் ரத்தம் சந்தித்தபோது என்ன ஆனது என்பதே என் கேள்வி. குறிப்பாக, ஆர்.எச். காரணி என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு கூட்டல் குறியாகவோ கழித்தல் குறியாகவோ நாம் பார்க்கிற அந்த விஷயம். நான் தமிழ் படித்தவன், சோதனைக்கூடத்துக்காரன் அல்ல. ஆனால் அறிவியலும் ஒரு பிரதிதான். அதற்கும் ஆசிரியர்கள் உண்டு, காலம் உண்டு, மௌனங்கள் உண்டு. அதை வாசிக்கத் தமிழ் படித்தவனுக்கும் உரிமை உண்டு.

2

ரத்தத்துக்கு முன்னால் எலும்பு. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு இருக்கிறது. 1876-ல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் அங்கே தோண்டினார். கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அதே காலத்தில் பாரிஸிலிருந்து லூயி லாப்பிக் வந்தார். தாழிகளிலிருந்து வெண்கலப் பாத்திரங்களும் இரும்பு ஆயுதங்களும் பொன் பட்டங்களும் வந்தன. கூடவே மண்டையோடுகளும்.

அந்த மண்டையோடுகளிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: ‘நீ என்ன இனம்?’ அந்த மனுஷி என்ன சாப்பிட்டாள், எத்தனை பிள்ளை பெற்றாள், எதனால் செத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி மூக்கின் அகலத்தில் சாதியின் படிநிலையைத் தேடினார். தர்ஸ்டன் சென்னை மாகாணம் முழுக்க அளவுகோலோடு அலைந்தார். அந்த மனநிலை மண்ணுக்குள்ளும் இறங்கியது. 1930-ல் சாலி சுக்கர்மன் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றி எழுதிய அறிக்கையைச் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. இதே சுக்கர்மன் இரண்டு வருஷம் கழித்து, குரங்குகளின் சமூக வாழ்க்கை பற்றிய நூலால் உலகப் புகழ் பெற்றார் என்பது வரலாற்றின் ஒரு சின்னக் குறும்பு. 2004-05-ல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது கிடைத்த எலும்புகளுக்கும் இனப் பெயர்கள் சூட்டப்பட்டன. நூறு வருஷத்துக்குப் பிறகும் கேள்வி மாறவில்லை.

3

எலும்பு இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. அளக்கிறவரைப் பொறுத்து முடிவு மாறியது. ரத்தம் அப்படி ஏமாற்றாது என்று நம்பினார்கள். லாண்ட்ஸ்டைனர் 1901-ல் ஏ, பி, ஓ பிரிவுகளை அறிவித்தார். முதல் உலகப் போரின் முடிவில், கிரேக்கத்தின் சலோனிகா போர்முனையில் லுட்விக், ஹன்னா ஹிர்ஷ்ஃபெல்ட் தம்பதியர் பல நாட்டுச் சிப்பாய்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பிரிட்டிஷ் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்களும் அதில் அடக்கம். ஐரோப்பியர்களிடம் ஏ அதிகம், இந்தியர்களிடம் பி அதிகம். 1919-ல் இதை வெளியிட்டபோது, மனித குலத்துக்கு இரண்டு மூலங்கள், பி-யின் மூலம் இந்தியா என்று ஊகித்தார்கள். கூலிக்குப் போருக்குப் போனவனின் ரத்தத்திலிருந்து ஓர் ஆதிகதை பிறந்துவிட்டது. மூக்கு போய் ரத்தம் வந்தது. ‘ஆதி இனம்’ என்ற ஆசை மட்டும் அப்படியே இருந்தது.

ஆர்.எச். காரணி வேறு வாசல் வழியாக வந்தது. 1939-ல் நியூயார்க்கில் லெவினும் ஸ்டெட்சனும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். அவளுக்குப் பிள்ளை வயிற்றிலேயே செத்துப் பிறந்தது. ரத்தம் ஏற்ற வேண்டிவந்தபோது கணவனின் ரத்தத்தை ஏற்றினார்கள். பிரிவு பொருந்தித்தான் இருந்தது, ஆனாலும் அவள் உடல் அதை ஏற்கவில்லை. செத்த சிசுவிடமிருந்து வந்த ஏதோ ஒன்றுக்கு எதிராக அவள் உடல் ஏற்கனவே எதிர்ப்பொருளை உண்டாக்கியிருந்தது; அதே பொருள் கணவனின் ரத்தத்திலும் இருந்தது. அந்தப் பொருளுக்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை. 1940-ல் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ரீசஸ் குரங்கின் ரத்தத்தை முயலுக்குச் செலுத்தி எடுத்த சீரம், நியூயார்க்கின் வெள்ளையர்களில் 85 சதவீதம் பேரின் ரத்த அணுக்களை ஒட்டித் திரளச் செய்வதைக் கண்டார்கள். குரங்கின் பெயரே காரணியின் பெயராகிவிட்டது. பிற்பாடு தெரிந்தது, குரங்கு ரத்தம் எழுப்பிய எதிர்ப்பொருளும் அந்தத் தாயின் எதிர்ப்பொருளும் குறிவைத்தவை வேறு வேறு பொருட்கள் என்று. அதற்குள் பெயர் ஒட்டிவிட்டது. பெயர் வைக்காமல் விட்ட தாயின் கதை பின்னுக்குப் போய், குரங்கு முன்னுக்கு வந்துவிட்டது.

ரீசஸ் குரங்கு நம்ம பக்கத்துக் குரங்கும் அல்ல. முண்டந்துறைக் காட்டிலும் பாபநாசம் கோயிலிலும் திரிகிற நாட்டுக்குரங்கு வேறு. களக்காட்டுச் சோலைகளில் வாழ்கிற சிங்கவால் குரங்கு வேறு. ரீசஸ் வடக்கே உள்ளது. 1978-ல் இந்திய அரசு தடை செய்யும் வரை லட்சக்கணக்கில் அது வெளிநாட்டுச் சோதனைக்கூடங்களுக்கு ஏற்றுமதியானது. மனித உடலைப் பற்றிய அறிவு யாருடைய உடல்களின் மேல் கட்டப்பட்டது என்று கேட்டால், வரிசையில் முதலில் நிற்பது அந்தக் குரங்கு.

4

சரி, இந்தக் காரணி எதற்கு? உடலில் அதற்கு என்ன வேலை? இரண்டு மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. மனிதனும் சிம்பன்சியும் கொரில்லாவும் பிரிவதற்கு முன்பே ஒன்று இரண்டானதால் வந்தவை. அவற்றில் ‘டி’ என்கிற மரபணு இருந்தால் பாசிட்டிவ். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் அது வராமல் போனால் நெகட்டிவ். இந்தப் புரதக் குடும்பத்தின் உறவுக்காரர்கள் பாக்டீரியாவிலும் ஈஸ்டிலும்கூட இருக்கிறார்கள். அங்கே அவர்களுக்கு அம்மோனியத்தைக் கடத்துகிற வேலை. நம் சிறுநீரகத்திலும் இதே குடும்பத்துப் புரதம் ஒன்று அம்மோனியாவை வெளியேற்ற உதவுகிறது. சிவப்பணுவில் இந்தப் புரதங்கள் சவ்வின் கட்டுமானத்தைத் தாங்குகின்றன. 1961-ல் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண்ணிடம் முதன்முதலாக, ஆர்.எச். புரதம் எதுவுமே இல்லாத ரத்தம் கண்டறியப்பட்டது. அப்படிப்பட்ட ரத்தத்தில் சிவப்பணுக்கள் வடிவம் குலைந்து சீக்கிரம் உடைகின்றன. ஆனால் நம் தெருவில் ‘நெகட்டிவ்’ என்று சொல்லப்படுகிறவர்களிடம் டி மட்டும்தான் இல்லை. கூடப்பிறந்த மரபணு வேலையைப் பார்த்துக்கொள்கிறது. அவர்கள் உடலில் ஒரு குறையும் கிடையாது.

இங்கேதான் ஹால்டேன் வருகிறார். 1942-ல் அவர் ஒரு புதிரைப் போட்டார். நெகட்டிவ் தாய், பாசிட்டிவ் தகப்பன். தாயின் எதிர்ப்பொருளால் சாகிற சிசு எப்போதும் கலப்புச் சிசுதான்: தகப்பனிடமிருந்து டி, தாயிடமிருந்து டி இல்லாத ஒன்று. ஒவ்வொரு சாவிலும் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று குறைகிறது. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், ஒருவனிடம் 76 கோட்டை நெல், இன்னொருவனிடம் 24 கோட்டை. வருஷம் ஒரு கோட்டை இருவருக்கும் ஒரே தண்டம். யார் முதலில் போண்டியாவான்? இருபத்துநாலுக்காரன்தான். அப்படியானால் குறைவாக இருக்கிற வகை எப்போதோ அழிந்திருக்க வேண்டும். ஏன் அழியவில்லை?

ஹால்டேனின் பதில்: ஐரோப்பியர்கள் சமீபகாலத்துக் கலவை. நெகட்டிவ் மிகுந்த ஒரு கூட்டமும் பாசிட்டிவான இன்னொரு கூட்டமும் கலந்து, தண்டம் கட்டி முடிக்கும் முன்பே நாம் பார்த்துவிட்டோம். தூய இனம் என்ற பேச்சு ஐரோப்பாவைக் கொன்றுகொண்டிருந்த வருஷத்தில் இப்படி எழுதியதை மறந்துவிடக் கூடாது. இந்த மனிதர்தான் 1957-ல் இங்கிலாந்தை விட்டு இந்தியா வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரத்தில் இறந்தார்.

பிள்ளையை இழந்த பெற்றோர் இன்னொன்று பெற்று ஈடுகட்டுவதால் தண்டம் மெதுவாகிறது என்பது மற்றொரு விளக்கம். பிராகாவின் ஃப்லெகரும் கூட்டாளிகளும் 2008-ல் மற்றொன்று சொன்னார்கள்: பூனை வழியாகப் பரவும் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி தொற்றினால் உடலின் துரிதம் குறைகிறது, கலப்பு மரபணு உடையவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. இது சரியென்றால், இயற்கை ஒரு கையால் கலப்பைக் கொல்கிறது, மறு கையால் காக்கிறது. 2012-ல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, டி இழப்பை இயற்கை தேர்ந்தெடுத்ததற்குத் தடயம் காணவில்லை. சிறு கூட்டங்கள் பிரிந்துபோனபோது தற்செயலாக மிகுந்திருக்கலாம் என்றது. காரணகாரியம் தேடுகிற மனசுக்குத் தற்செயல் கசக்கும். ஆனால் வரலாற்றில் அதற்கும் இடம் உண்டு.

5

நெகட்டிவ் மிகுந்தவர்கள் என்று 1947-ல் மொரான்ட் கைகாட்டியது பாஸ்க் மக்களை. அவர்களில் மூன்றில் ஒருவர் நெகட்டிவ். பாஸ்க் என்றதும் நம்மவர்களுக்கு ஒரு சிலிர்ப்பு வரும். 1963-ல் லஹோவரி திராவிட மொழிகளையும் பாஸ்க் மொழியையும் இணைத்து எழுதிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழின் தொன்மை பேசியவர்களை நான் மேடைகளில் கேட்டிருக்கிறேன். ரத்தம் அந்த உறவைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான் நெகட்டிவ். ஆனால், ‘பார், ரத்தம் பொய்ப்பித்துவிட்டது’ என்று கைதட்டுவதும் அதே தவறு. மொழி ரத்தத்தில் ஓடுவதில்லை. அது வாயிலிருந்து காதுக்குப் போகிறது. கால்டுவெல் 1856-ல் மொழிக் குடும்பத்துக்கு வைத்த பெயர் எப்படி இனத்தின் பெயராகியது, பிறகு மண்டையோட்டின் பெயராகியது என்பதை இடையன்குடியிலிருந்து ஆதிச்சநல்லூர் வரை பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

6

இப்போது முறைமாமனுக்கு வருவோம். அக்கா மகளைக் கட்டுவது, அத்தை மகன், மாமன் மகளைக் கட்டுவது நம் வழக்கம். எல்லாரிடமும் ஒரே மாதிரி அல்ல. கொண்டையங்கோட்டை மறவரிடம் கிளை தாய்வழி வருவதால், மாமனும் மருமகளும் ஒரே கிளை. அங்கே தாய்மாமன் கட்ட முடியாது, மாமன் மக்கள், அத்தை மக்கள்தான் முறை. ஆன்டனி குட் கோவில்பட்டி வட்டாரத்தில் களப்பணி செய்து 1981-ல் இதை விரிவாக எழுதினார்.

ஆர்.எச். கணக்கை இதில் போட்டுப் பார்க்கலாம். நூறு மரபணுவில் 24 டி இல்லாதவை என்று வைத்தால் ஆறு பேர் சுமாராக நெகட்டிவ்; நம் பக்க நிலவரத்துக்கு இது பொருந்தும். ஒரு நெகட்டிவ் பெண் உறவில்லாத ஒருவனைக் கட்டினால் அவனும் நெகட்டிவாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 6. முறைப்பையனைக் கட்டினால் 10. தாய்மாமனைக் கட்டினால் 15. அவள் வயிற்றில் வரும் சிசு பாசிட்டிவாக இருக்கும் வாய்ப்பு, அந்நியத்தில் நூற்றுக்கு 76, முறைப்பையனிடம் 66 சொச்சம், மாமனிடம் 57. ஆபத்து குறைகிறது.

உடனே ‘நம் முன்னோர் முட்டாள்களா?’ என்ற குரல் எழும். பொறுங்கள். மாமனைக் கட்டினவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளில் நெகட்டிவ் ஆறு சதவீதத்திலிருந்து எட்டாகக் கூடுகிறது. அதாவது அடுத்த தலைமுறையில் ஆபத்துக்கு உள்ளாகும் பெண்கள் அதிகம். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. சொந்தத்தில் கட்டுவதால் வேறு மரபு நோய்கள் வெளிப்படும் வாய்ப்பும் கூடுகிறது. முறைகள் நிலத்தைக் காக்க, சீரைக் காக்க, பெண்ணைக் கைக்குள் வைக்க உண்டானவை. சிவப்பணு அதன் கணக்கிலேயே இல்லை.

7

பிச்சை, பிச்சம்மாள், குப்பை, குப்பாண்டி, தவிடன், மூக்கன், மூக்கம்மாள். நம் வட்டாரத்தின் இந்தப் பெயர்களை ஓர் ஆவணமாக வாசிக்க வேண்டும். பிள்ளைகள் வரிசையாகச் செத்த வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் போட்டு எடுத்தார்கள், தவிட்டுக்கு விற்று வாங்கினார்கள், மூக்கைக் குத்தினார்கள். ‘இது வேண்டாத பிள்ளை’ என்று சாவை ஏமாற்றுகிற தந்திரம். கர்ப்பத்தோடு செத்தவளுக்காகச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகளைக் கொன்றது பேதியும் காய்ச்சலும் அம்மையும்தான். எல்லாப் பிச்சைகளையும் ஆர்.எச். கணக்கில் எழுத முடியாது. ஆனால் ஆர்.எச். சாவுக்கு ஒரு தனி இலக்கணம் உண்டு. தலைப்பிள்ளை பொதுவாகத் தப்பிவிடும். அந்தப் பிரசவத்தில்தான் சிசுவின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கலந்து அவள் உடலை உஷார்ப்படுத்துகிறது. அடுத்தடுத்த பிள்ளைகள் மஞ்சள் காமாலையோடு பிறந்தோ, வயிற்றிலேயோ போகின்றன.

இந்த இலக்கணம் யாரைக் குற்றவாளியாக்கியிருக்கும்? ‘முதல்ல பெத்தாள்லா, அப்புறம் ஏன் தங்கலை?’ தோஷம், செய்வினை, அவள் ராசி. ஆண் இரண்டாம் தாரம் கட்டுவான். வந்தவள் பாசிட்டிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம், நூற்றுக்கு 94. அவளுக்குப் பிள்ளைகள் நிற்கும். முதல் மனைவியின் ‘குற்றம்’ ஊரறிய நிரூபணமாகிவிடும். இயற்கை இவ்வளவு கச்சிதமாக ஆணாதிக்கத்துக்குப் பொய்ச்சாட்சி சொன்ன இடம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. இரண்டு பேரின் ரத்தம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம், ஒருத்தியின் வயிற்றில் எழுதப்பட்டது.

தீர்வு வந்த வழி விசித்திரமானது. தாய்க்கும் சிசுவுக்கும் ஏ, பி பிரிவு பொருந்தாவிட்டால் ஆர்.எச். ஆபத்து குறைவதை 1943-லேயே லெவின் கவனித்தார். சிசுவின் அணுக்கள், தாயின் உடல் அடையாளம் காணும் முன்பே அழிந்துவிடுகின்றன. இதையே செயற்கையாகச் செய்தால் என்ன? லிவர்பூலில் இதைக் கையிலெடுத்த சிரில் கிளார்க் மருத்துவர். பொழுதுபோக்கு வண்ணத்துப்பூச்சி வளர்ப்பு. நம் வீட்டு எலுமிச்சையிலும் நாரத்தையிலும் முட்டையிடுகிற கருப்பு வண்ணத்துப்பூச்சியின் பெண்களில் சில, விஷப்பூச்சியின் வேடம் போடும். அந்த வேடத்தின் மரபியலை அவரும் ஷெப்பர்டும் ஆராய்ந்தார்கள். ஒட்டிக் கிடக்கும் மரபணுக் கொத்து என்ற அந்தச் சிந்தனைதான் அவர்களை ஆர்.எச். பக்கம் திருப்பியது. ரொனால்ட் ஃபின் எதிர்ப்பொருளையே மருந்தாகக் கொடுக்கலாம் என்றார். நியூயார்க்கிலும் அதே யோசனை. அங்கே சோதனைக்கு உடல் கொடுத்தவர்கள் சிங் சிங் சிறைக் கைதிகள். 1968-ல் ஆன்டி-டி ஊசி மருந்துக்கடைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் இந்த மருந்துக்காக 1,173 தடவை ரத்தமும் பிளாஸ்மாவும் கொடுத்து, 2025 பிப்ரவரியில் 88 வயதில் இறந்தார். குரங்கு, கைதி, கொடையாளி. ஊசியில் இருக்கிற சின்னக் குப்பிக்குள் இத்தனை உடல்கள்.

8

இன்றைக்கு நிலைமை என்ன? கல்யாணத் தரகர்கள் நட்சத்திரத்தோடு ரத்தப் பிரிவும் கேட்கிறார்கள். ஒரே பிரிவாக இருந்தால் கட்டக் கூடாது என்கிறார்கள். அது சுத்தப் பொய். நெகட்டிவ் பெண் என்று தெரிந்து வரன் திரும்பிப் போனதை நான் கேட்டிருக்கிறேன். நெகட்டிவ் ஆணை யாரும் திருப்பி அனுப்பியதாகக் கேட்டதில்லை. ‘நெகட்டிவ்’ என்ற சொல் தமிழ்க் காதில் ‘குறை’ என்று விழுகிறது. சோதனைக்கூடத்தின் ஒரு குறியீடு பொருத்தம் பார்க்கிற சொல்லாடலுக்குள் நுழைந்ததும் தோஷமாக மாறிவிட்டது. பழைய தோஷத்துக்குப் பரிகாரம் கேட்டார்கள். இதற்குப் பரிகாரம் ஓர் ஊசி என்பதைத்தான் சொல்ல மறுக்கிறார்கள்.

சாதியின் ரத்தமோ இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 1995-ல் கொடியன்குளம். 1999 ஜூலை 23-ல், மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களில் 17 பேர் இதே தாமிரபரணியில் பிணமானார்கள். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில், சாதி கடந்த காதலுக்காக ஒரு தலித் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார் என்பது வழக்கு. ‘எங்க ரத்தம்’ கலங்கிவிடும் என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் அடியில். 2013-ல் வெளிவந்த இந்திய மரபணு ஆய்வு, 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கே கலப்பு பரவலாக நடந்ததாகவும், பின்பே கதவுகள் சாத்தப்பட்டதாகவும் சொல்கிறது. கலங்காத ரத்தம் எதையும் யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. கலந்து முடிந்த பிறகு போட்ட பூட்டுக்குத்தான் காவல்.

ஆர்.எச். காரணியும் இதையே சொல்கிறது. அது சாதிக்கோ இனத்துக்கோ மொழிக்கோ முத்திரை அல்ல. எல்லாச் சாதியிலும் கூட்டல் உண்டு, கழித்தல் உண்டு. அதிலிருந்து ஆதிகதை எழுத முயன்ற ஒவ்வொருவர் கையிலும் அது உடைந்துபோயிருக்கிறது. கதையாகாத ஓர் உண்மையை மட்டும் அது விட்டுச் செல்கிறது: நெகட்டிவான ஒருத்திக்கு பாசிட்டிவ் பிள்ளை பிறந்தால், 72 மணி நேரத்துக்குள் அந்த ஊசி போட வேண்டும், ஏழாம் மாதத்திலும் போடுவது நல்லது, கரு கலைந்தாலும் போட வேண்டும். நம் ரத்தப் பெருமைகளுக்கு மூவாயிரம் வருஷம் கணக்கு வைத்திருக்கிறோம். அவளுக்கு இந்த மூன்று நாள் கணக்கு தெரிந்திருக்கிறதா என்பதுதான் இந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றில் இனி எழுதப்பட வேண்டிய பக்கம்.